கிணற்றடி வீடா, சின்னக் கிணற்றடி வீடா

சென்டாய்
2016 ஜனவரி 18

மதிப்புக்குரிய யாபிகு நாபெ அம்மா அவர்களுக்கு,

இங்கே முழங்கால் வரை பனி. உங்கள் ஒகினாவாவில் செர்ரி பூக்கத் தொடங்கியிருக்கும் என்று ஷியோரி சொன்னாள். நான் அவளுடைய கணிதப் பேராசிரியை, குராமொச்சி தொமொயே. புத்தாண்டு தவறாமல் பேத்தியிடம் நீங்கள் கொடுத்தனுப்பும் வெல்லக்கட்டியைத் தின்றுவிட்டு ஒரு நன்றிகூட எழுதாத ஆள் நான்தான். முதலில் அந்த நன்றியைப் பெற்றுக்கொள்ளுங்கள். மழைநாளில் அதைக் கடித்துக்கொண்டுதான் விடைத்தாள் திருத்துகிறேன்.

இப்போது எழுதுவது உங்களிடம் ஓர் உதவி கேட்க.

எங்கள் துறையில் உதவிப் பேராசிரியர் இடம் ஒன்று வந்திருக்கிறது. ஷியோரியை விடத் தகுதியானவர் இல்லை. நானே பேசி, அவள் பெயரை ஏற்கவும் வைத்துவிட்டேன். ஆனால் அவள் வேண்டாம் என்கிறாள். அந்த இடத்துக்கான பணம் ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து வருகிறதாம், அதுதான் காரணம். பிப்ரவரி கடைசிக்குள் அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

நாபெ அம்மா, இந்தத் துறைக்கு நான் வந்தபோது நான் ஒருத்திதான் பெண். இன்றும் நான் ஒருத்திதான். வாரம் ஒருமுறை இங்கே கூட்டம் நடக்கும். ஒருவர் கரும்பலகை முன் நின்று தன் கணக்கைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதைச் சுட வேண்டும். 'சுடுவது' என்றே எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். சுடப்பட்டு விழாதவர்தான் கணிதர். முதல் சில வருடங்கள் அந்தக் கூட்டத்தில் நான் தேநீர் ஊற்றினேன். ஆண் ஒரு கேள்வி கேட்டால் கூர்மை என்பார்கள். அதே கேள்வியை நான் கேட்டால், "குராமொச்சிக்கு இன்னைக்கு உடம்பு சரியில்லையோ?" என்பார்கள். இத்தனையும் தாண்டி இன்னொரு பெண்ணுக்கு ஒரு நாற்காலி வாங்கி வைத்தால், அவள் உட்கார மாட்டேன் என்கிறாள்.

அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. உங்கள் பேச்சைக் கேட்பாள். தயவுசெய்து சொல்லுங்கள்.

நன்றியுடன்,
குராமொச்சி தொமொயே


ஒகினாவா
ஜனவரி 27

டீச்சரம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பல்கலைக்கழக முத்திரை போட்ட உறை என் வீட்டுக்கு வருவது இதுதான் முதல்முறை. தபால்காரர் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போய்விட்டார். பிறகு நான் எப்படிச் சும்மா இருக்க முடியும்? ஷியோரி பேராசிரியர் ஆகப்போகிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். கூட்டுறவுக் கடையில் இருக்கும் பெண், "பாட்டி, இனிமே உங்களுக்குக் குனிஞ்சுதான் வணக்கம் சொல்லணுமா?" என்றாள். "இதுவரைக்கும் நீ குனியாததே தப்பு" என்றேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய வருடம் பள்ளிக்கூடத்தில் பட்டாளம் தங்கியது, அப்புறம் அந்தப் பள்ளிக்கூடமே இல்லாமல் போனது. அதனால் என் பேத்திக்கு இவ்வளவு செய்திருக்கும் உங்களை நான் எந்தத் திசையில் இருந்தாலும் கும்பிட வேண்டும். சென்டாய் எந்தப் பக்கம் என்று என் மகனிடம் கேட்டு, அந்தப் பக்கம் திரும்பித்தான் இதை எழுதுகிறேன்.

ராணுவப் பணம் ஆகாதாமா? நல்ல கதை. போர் முடிந்தபின் அமெரிக்க முகாமின் சலவைக்கூடத்தில் அவர்களுடைய உடுப்பைத் துவைத்துத்தான் நான் பிள்ளைகளை வளர்த்தேன். அந்தச் சோப்புத் தண்ணீரில்தான் ஷியோரியின் அப்பன் படித்தான். போன் போட்டு இதையே கேட்டேன்.

"உங்கப்பன் தின்ன சோத்துல ராணுவ வாடை அடிக்கலியாடி?"

"பாட்டி, நீ துவைச்சது சட்டை. இது வேற."

"என்ன வேற?"

"இது ஒளிஞ்சிருக்கறவங்களக் கண்டுபிடிக்கிற கணக்கு."

"கண்டுபிடிச்சா என்ன? நல்லதுதானே?"

உடனே அவள், மழை பெய்கிறதா, வெயில் அடிக்கிறதா என்று என்னைக் கேட்டாள். பேச்சை மாற்றுவதில் அவள் அப்படியே அவள் அம்மா.

டீச்சரம்மா, அந்தக் கணக்கு என்னவென்று எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். அடுத்த முறை போனில் அவள் வாயை நான் அடைக்கிறேன்.

நாபெ


சென்டாய்
பிப்ரவரி 4

நாபெ அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அறையில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். இந்தக் கட்டிடத்தில் நான் சிரித்து அவர் கேட்டதில்லை.

கணக்கு இதுதான். ஒரு பெரிய காடு. அதில் ஒருவர் ஒளிந்திருக்கிறார். தேடுகிறவரிடம் ஆட்களும் குறைவு, நேரமும் குறைவு. முதலில் எந்தப் பக்கம் பார்ப்பது? பார்த்த இடத்துக்கே எப்போது திரும்பி வருவது? ஒளிந்தவர் இடம் மாறிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது? போர்க்காலத்தில் கடலுக்கடியில் மறைந்த கப்பல்களைத் தேடுவதற்காகப் பிறந்த கணக்கு. இப்போது நல்ல காரியங்களுக்கும் பயன்படுகிறது. என் வாழ்க்கையில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கிறேன். இதில் கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. வெறும் கோடுகள்தான்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு கூட்டத்தில் ஷியோரி கை தூக்கினாள்.

"தேடறவருக்கு எவ்வளவு செலவுன்னு இவ்ளோ நுணுக்கமா எழுதறோம். ஒளிஞ்சிருக்கறவங்களுக்கு என்ன செலவுன்னு ஏன் ஒரு வரிகூட இல்ல?"

ஒரு மூத்த பேராசிரியர் சொன்னார்: "யாபிகு, நீ எந்தக் கட்சி? தேடற கட்சியா, ஒளியற கட்சியா?"

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் முடிந்தபின் நானும் அவளிடம், "அது கணிதக் கேள்வி இல்லம்மா" என்று சொன்னேன். அவளுடைய நன்மைக்காகத்தான். அந்த இடத்தில் அவளை உணர்ச்சிவசப்படும் பெண் என்று ஒருமுறை முத்திரை குத்திவிட்டால், அது ஆயுளுக்கும் போகாது.

நேரம் குறைந்துகொண்டே வருகிறது. உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

தொமொயே


ஒகினாவா
பிப்ரவரி 12

டீச்சரம்மாவுக்கு,

இவ்வளவுதானா? இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ஷியோரியின் வாயை அடைக்க என்னிடமே மருந்து இருக்கிறது. இன்று நான் உயிரோடு இருப்பதே ஒருவன் கண்டுபிடித்ததால்தான். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஷியோரியும் கேட்டிருப்பாள், அரைத்தூக்கத்தில்.

எனக்குப் பதினொரு வயது. அமெரிக்கப் பட்டாளம் எங்கள் தீவில் இறங்கியிருந்தது. ஊர்ப் பெண்களும் பிள்ளைகளும் மலைக்குகையில் இருந்தோம். உள்ளே நம் நாட்டுச் சிப்பாய் ஒருவனும் இருந்தான். துப்பாக்கி வைத்திருந்தான், காய்ச்சலும் வைத்திருந்தான். யாராவது வெளியே போனாலும், சத்தம் போட்டாலும் சுடுவேன் என்று சொல்லிவைத்திருந்தான். ஒரு காலையில் வெளியேயிருந்து குரல் வந்தது. அமெரிக்கப் பேச்சு இல்லை, தலைநகரப் பேச்சும் இல்லை. எங்கள் ஊர்ப் பேச்சு! அமெரிக்கப் பட்டாளத்தோடு வந்த ஒருவன்தான் கூப்பிட்டான்.

"அம்மாமாரே, வெளிய வாங்க! தண்ணி இருக்கு, யாரும் சுட மாட்டாங்க! நான் கிணத்தடி வீட்டு உஷியோட பேரன், ஹவாயில பொறந்தவன்!"

எங்கள் ஊரில் யாருக்கும் பெயர் முக்கியமில்லை, வீட்டுப் பெயர்தான் முக்கியம். எந்த வீட்டு ஆள் என்று தெரியாமல் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டோம். உள்ளே கமாதோ அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"கிணத்தடி வீட்ல ஏதுடி உஷி?" என்றாள், மெதுவாகத்தான்.

"வாய மூடு அக்கா, சுட்டுருவான்" என்றாள் என் அம்மா.

"எப்படி மூடறது? உஷி சின்னக் கிணத்தடி வீடு. என் பாட்டிக்கு நாத்தனா முறை."

"இல்லக்கா, கல்யாணத்துக்கு முன்னாடி கிணத்தடி வீடுதான்" என்றாள் இருட்டில் வேறொருத்தி.

"உனக்கு என்னடி தெரியும்? நீ வாக்கப்பட்டு வந்தவ!"

சொல்லிவிட்டு, கமாதோ அத்தை குகை அதிரக் கத்தினாள்: "டேய்! உங்க பாட்டி சின்னக் கிணத்தடி வீடுடா! சொல்றத ஒழுங்காச் சொல்லு!"

அப்புறம்தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. வெளியே அவன் அழுதானா, சிரித்தானா தெரியவில்லை. "சரி பெரியம்மா, சின்னக் கிணத்தடி! மிச்சத்தையும் வெளிய வந்து திருத்துங்க!" என்றான்.

கமாதோ அத்தை எழுந்தாள். காய்ச்சல்காரச் சிப்பாயைத் தாண்டி நடந்தாள். அவன் சுடவில்லை. ஏன் சுடவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவனுக்கும் சேர்த்துத்தான் வருடா வருடம் ஊதுபத்தி ஏற்றுகிறேன். அவளுக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் போனோம்.

கிழக்கே இருந்த குகையையும் கண்டுபிடித்தார்கள். கூப்பிடாமலே கண்டுபிடித்தார்கள். அதை விடுங்கள்.

ஆக, கண்டுபிடிப்பது புண்ணியம். ஷியோரிக்கும் இதையே எழுதிப் போட்டுவிட்டேன். இனி என்ன சொல்வாள், பார்ப்போம்!

நாபெ


சென்டாய்
பிப்ரவரி 22

நாபெ அம்மாவுக்கு,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நிறைய தாளைக் கசக்கிப் போட்டேன்.

கமாதோ அத்தையை நினைத்துச் சிரித்தேன். பிறகு உங்கள் கடைசி வரிகளுக்கு வந்தேன். 'கூப்பிடாமலே கண்டுபிடித்தார்கள். அதை விடுங்கள்.' என்னால் விட முடியவில்லை. நாபெ அம்மா, என் கணக்கில், ஆட்கள் உயிரோடு வெளியே வந்த உங்கள் குகைக்கும் யாருமே வராத அந்தக் கிழக்குக் குகைக்கும் ஒரே விடைதான் வருகிறது. இரண்டிலும் ஆட்கள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். இரண்டும் வெற்றி. நான் பாதி வாழ்க்கை கொடுத்து எழுதிய தேடுகிறவருக்கு வாயே இல்லை. ஒளிந்திருக்கிறவருக்குக் காதே இல்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஷியோரியிடம் போனேன். அவளுக்கு நீங்கள் எழுதியது முதல்நாளே வந்திருந்தது. அவள் கரும்பலகையில் இரண்டு புள்ளி வைத்தாள். "ரெண்டு பேருமே சந்திக்கணும்னு நினைக்கிறாங்க. ஆனா ஒருத்தர் இருக்கிற இடம் இன்னொருத்தருக்குத் தெரியாது. பயமும் இருக்கு. அப்ப யார் நகரணும், யார் நிக்கணும், எதைச் சொல்லிக் கூப்பிடணும்? நான் கேட்டது இதைத்தான் டீச்சர்" என்றாள். இலையுதிர் காலத்தில் கணிதக் கேள்வி இல்லை என்று நான் சொன்னது இதைத்தான். நாங்கள் அந்தப் பலகையை நிரப்பினோம், பக்கத்துப் பலகையையும் நிரப்பினோம். அந்த அறையில் யாரும் யாரையும் சுடவில்லை. கணிதம் அப்படியும் நடக்கும் என்பதை நான் இருபது வருடமாக மறந்திருந்தேன்.

மறுநாள் திட்டத் தலைவரிடம் போய், இந்தக் கேள்வியையும் திட்டத்தில் சேர்க்க முடியுமா என்று கேட்டேன்.

"குராமொச்சி, நம்ம திட்டத்துல ஒளியறவனுக்குப் பேரு இலக்கு. இலக்குகிட்ட யாராவது பேசுவாங்களா?" என்றார், மிகவும் மரியாதையாக.

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் நான் ஷியோரிக்காகச் சண்டை போட்டு வாங்கிய நாற்காலி எந்தப் பக்கம் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது என்று அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒரு பெண் அதில் உட்காருவதே வெற்றி என்று நினைத்திருந்தேன். உட்கார்ந்தபின் அவள் எதைப் பார்ப்பாள் என்று நான் யோசிக்கவில்லை.

அந்தத் திட்டத்திலிருந்து என் பெயரையும் எடுத்துவிட்டேன். உங்களிடம் கேட்ட உதவியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஷியோரி தானே முடிவெடுக்கட்டும். அவளை வற்புறுத்த வேண்டாம்.

தொமொயே


ஒகினாவா
மார்ச் 3

டீச்சருக்கு,

நல்லா இருக்கிறது உங்கள் நியாயம். ஒரு கடிதத்தில் தள்ளு என்கிறீர்கள், அடுத்த கடிதத்தில் விடு என்கிறீர்கள். நான் என்ன வண்டிமாடா?

ஷியோரி கையெழுத்துப் போடவில்லை. நேற்று போன் பண்ணினாள்.

"பாட்டி, உன் கதைதான் எனக்குத் தைரியம் குடுத்தது" என்கிறாள்.

"நான் அந்தக் கதையைச் சொன்னது உன்னை அந்த வேலையில உக்கார வைக்கடி!"

"தெரியும் பாட்டி. ஆனா கதை வேற மாதிரில்ல சொல்லுது."

என் குகை, என் அம்மா, என் கமாதோ அத்தை. அதை எடுத்து எனக்கே எதிராகப் பலகையில் எழுதியிருக்கிறீர்கள், இரண்டு பேரும் சேர்ந்து. ஊரில் எல்லோரும் பேராசிரியர் பாட்டி, பேராசிரியர் பாட்டி என்கிறார்கள். மருந்துக்கடைக்குச் சுற்றுவழியாகப் போய் வருகிறேன். என் மகன் தூண்டிலை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போய்விட்டான். படித்த பிள்ளைக்குச் சம்பளம் இல்லை, இதற்கா நான் துவைத்தேன்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே முகாம் ஹெலிகாப்டர் கூரையை ஒட்டிப் போனது. அலமாரியில் கோப்பையெல்லாம் ஆடியது. வழக்கமாக நான் தலை தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை. இன்று பார்த்தேன். கீழே இருப்பது எந்த வீடு என்று அதில் இருப்பவனுக்குத் தெரியுமா என்று நினைத்தேன். அந்த நினைப்பும் உங்களால் வந்ததுதான். அதற்கும் சேர்த்துத்தான் உங்கள்மேல் கோபம்.

இனி எழுத மாட்டேன்.

யாபிகு நாபெ


சென்டாய்
ஜூன் 2

நாபெ அம்மாவுக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. கோபத்திலும் மே மாதத்தில் வெல்லக்கட்டி மட்டும் வந்து சேர்ந்தது. பொட்டலத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் நான் அதைப் பதிலாகவே எடுத்துக்கொண்டேன். நன்றி.

ஷியோரி இப்போது ஒரு சின்னப் பெண்கள் கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் எடுக்கிறாள். சம்பளம் சொற்பம்தான், மறைக்கவில்லை. நான் எழுதுவது வேறொரு சேதி. அவள் தன்னைப் பற்றித் தானே எழுத மாட்டாள்.

இங்கே பனி உருகியதும் கிழவிகள் மலைக்கீரை பறிக்கக் கிளம்பிவிடுவார்கள். வருடாவருடம் யாராவது வழி தவறுவார்கள். எந்த இடத்தில் நல்ல கீரை இருக்கிறது என்பதைப் பெற்ற மகளிடம்கூடச் சொல்லாத ஜாதி இது. அதனால் எங்கே தேடுவது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தீயணைப்புப் படையினர் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பலர் பதிலே கொடுப்பதில்லை. வழி தவறியது வெட்கம். அதைவிட, தன் கீரை இடம் தெரிந்துவிடுமே என்ற பயம்.

ஷியோரியின் புதுக் கணக்கைப் பற்றி அந்தக் கல்லூரி இருக்கும் ஊரின் தீயணைப்புப் படைத்தலைவரிடம் சொன்னேன். அவர் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். போன வாரம் ஒரு கிழவி, சுகாவா வீட்டம்மா, காணாமல் போனார். ஒரு ராத்திரி கடந்துவிட்டது. ஷியோரி படையோடு போனாள், நானும் போனேன். வண்டி எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் பேசாமல் காது கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பிறகு அந்தக் கிழவியின் மருமகளிடம் கேட்டாள்: "உங்க மாமியாருக்கு எதைக் கேட்டா கோபம் வரும்?"

மருமகள் யோசிக்கவே இல்லை.

சற்று நேரத்தில் மலை முழுக்க ஒலிபெருக்கி முழங்கியது: "சுகாவா வீட்டுக் கீரை ஊறுகாயைவிடப் பாலத்தடி வீட்டு ஊறுகாய்தான் ருசி! ஊரே சொல்லுது!"

சத்தத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். மூன்றாவது இடத்தில், மூங்கில் புதருக்குப் பின்னாலிருந்து மெலிந்த ஒரு குரல் வந்தது: "எவடா சொன்னது? அவ உப்பக் கொட்டறா, உப்ப!"

கணுக்கால் முறிந்திருந்தது. மற்றபடி நன்றாக இருக்கிறார். ஸ்ட்ரெச்சரில் வரும்போதும் உப்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். ஷியோரி பாதையோரம் உட்கார்ந்து அழுதாள். "டீச்சர், கமாதோ அத்தை" என்றாள்.

கூட்டத்தில் இப்போது என் பக்கம் யாரும் அதிகம் திரும்புவதில்லை. எனக்கு அது நிம்மதியாகவே இருக்கிறது. நாங்கள் இருவரும் அந்தக் கணக்கை எழுதி முடித்து அனுப்பிவிட்டோம். அதில் தேடுகிறவர், ஒளிகிறவர் என்ற சொற்கள் இல்லை. கூப்பிடுகிறவர், பதில் சொல்கிறவர். அவள் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் உங்கள் பெயரும் உங்கள் அத்தை பெயரும் இருக்கின்றன.

என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். நான் நன்றியோடுதான் இருக்கிறேன்.

தொமொயே


ஒகினாவா
ஜூன் 24

டீச்சரம்மாவுக்கு,

நேற்று போரில் இறந்தவர்களின் நினைவு நாள். கல்லில் பொறித்த பெயர்களுக்கு முன்னால் சோறும் பூவும் வைத்துவிட்டு, எல்லோரும் நிழலில் உட்கார்ந்திருந்தோம். உங்கள் கடிதத்தை இடுப்புத் துணியில் முடிந்து கொண்டுபோயிருந்தேன். ஊறுகாய்க் கதையைச் சத்தமாகப் படித்தேன். எல்லாம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள். கமாதோ அத்தையின் பேத்தி, அவளுக்கே எழுபது தாண்டியாயிற்று, "எங்க பாட்டி பேரு கணக்குப் புத்தகத்துல வருதா? எழுத்துக்கூட்டத் தெரியாத பாட்டியாச்சே அவ!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டாள்.

அப்போது கூட்டுறவுக் கடைப் பெண் கேட்டாள்: "பாட்டி, அப்ப ஷியோரி அக்கா பேராசிரியர் ஆகலியா?"

மார்ச் மாதத்திலிருந்தே நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. வாயைத் திறந்தேன். சொல்ல வந்தது வேறு, வந்தது வேறு.

"இல்ல. அன்னைக்கு நம்மளக் கூப்பிட்டானே ஒருத்தன், அந்த வேலை பார்க்கிறா" என்றேன்.

என்ன வேலை என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு கிழக்குக் குகைக்காரர்களுக்கும் ஊதுபத்தி ஏற்றப் போனோம். அதைப் பற்றியும் ஒருநாள் உங்களுக்கு எழுதுகிறேன். இப்போது எழுத முடியும் என்று தோன்றுகிறது.

அந்த ஹவாய்ப் பையனுக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. அவன் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது, வீட்டுப் பெயர் மட்டும்தான் தெரியும். அதையும் திருத்திவிட்டோம். அவனுக்குச் சொல்ல வேண்டியதை உங்களுக்கும் ஷியோரிக்கும் சொல்லிவிடுகிறேன். நன்றி, டீச்சரம்மா. கோபத்தில் 'டீச்சருக்கு' என்று மொட்டையாக எழுதியதற்கு இந்தக் கடிதத்தில் ஒன்றுக்கு இரண்டாக அம்மா போட்டிருக்கிறேன்.

கோடை விடுமுறையில் ஷியோரியோடு நீங்களும் வர வேண்டும். பன்றி இறைச்சி வேக வைக்கிறேன், பாகற்காய் பந்தலில் காய்த்துத் தொங்குகிறது. அவளால் வர முடியாவிட்டாலும் நீங்கள் தனியாக வாருங்கள். வழி கஷ்டமில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் கரும்புக் கொல்லைக்கு நடுவில் நிற்பீர்கள், ஒரு ஆளும் கண்ணில் படாது. பயப்பட வேண்டாம். எங்கள் வீடு கீழ்க் கொட்டகை வீடு. ஆனால் நீங்கள் "மேல் கொட்டகை வீடு நாபெ எங்க இருக்காங்க?" என்று தப்பாகக் கூப்பிடுங்கள்.

திருத்துவதற்கு ஊரே வெளியே வரும்.

நாபெ